சிறுநீரகம் பழுதான பூனைக்குச் சாப்பாடு கொடுக்கும் முறை

திருகோணமலையில் பூனை வளர்க்கிறவர்கள் அதன் சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக யோசிப்பதில்லை. மீன் சந்தையில் தலையும் செட்டையும் சும்மா கிடைக்கும். வீட்டில் சோறு மிஞ்சும். இரண்டையும் பிசைந்து வைத்தால் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடி வரும். அதே பூனைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகி, தண்ணீர்க் கோப்பையடியே கதியென்று கிடந்து, தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டு, மிருக வைத்தியர் இரத்த ரிப்போட்டைப் பார்த்துவிட்டு “கிட்னி பழுதாப் போச்சு, இனிச் சாப்பாட்டை மாத்த வேணும்” என்று சொன்ன பிறகுதான் குழப்பம் தொடங்கும். எதை மாற்றுவது, எதை நிறுத்துவது, எங்கே வாங்குவது?

அன்றிரவே ஆளாளுக்கு ஆலோசனையும் வந்து சேரும். எங்கள் பக்கத்துக்கும் அடுத்திருக்கிற வடமத்திய மாகாணத்துக்கும் மனிதர்களின் சிறுநீரக நோய் புதிதில்லை. கிளினிக்குக்குப் போய்வருகிற ஒருவராவது தெரிந்த வட்டத்தில் இருப்பார். “தண்ணியைக் குறையுங்கோ, மீன் இறைச்சியை நிப்பாட்டுங்கோ, பொற்றாசியம் உள்ளது ஒண்டும் குடுக்காதேங்கோ” என்பார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் அது மனிதருக்கான பத்தியம். நாட்பட்ட சிறுநீரக நோய் வந்த பூனையால் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. குடிப்பதெல்லாம் சலமாய்ப் போய்விடும். அதற்குத் தண்ணீரைக் குறைத்தால் சீக்கிரமே காய்ந்து விழுந்துவிடும். பொற்றாசியமும் பூனையில் கூடுவதைவிடக் குறைவதுதான் அதிகம். மீன் இறைச்சியை அடியோடு நிறுத்தினால், பிறவியிலேயே மாமிச உண்ணியான பூனை தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்கும். ஆகவே அயல்வீட்டுப் பத்தியத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அதை ஒரு பக்கம் வையுங்கள்.

இந்த நோயில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பூனை சாப்பிட வேண்டும். அது நடந்த பிறகு பொஸ்பரஸைக் குறைக்க வேண்டும். தண்ணீர் இந்த இரண்டோடும் கூடவே போக வேண்டும். புரதக் கணக்கு கடைசி. புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் கடைசியில் செய்ய வேண்டியதை முதல் நாளே செய்து, பூனையைப் பட்டினியில் தள்ளிவிடுகிறார்கள்.

ரிப்போட்டில் பார்க்க வேண்டியவை

வைத்தியரிடமிருந்து ரிப்போட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். உணவைத் தீர்மானிக்கக் கிரியற்றினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), பொஸ்பரஸ், பொற்றாசியம், கல்சியம் ஆகிய நான்கு எண்களும், சலத்தில் புரதம் போகிறதா என்ற விவரமும், இரத்த அழுத்தமும் வேண்டும்.

ஐரிஸ் எனப்படும் சர்வதேச மிருக வைத்தியர் குழு இந்த நோயை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. பூனையில் கிரியற்றினின் டெசிலீற்றருக்கு 1.6 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாவது, 2.9 முதல் 5.0 வரை மூன்றாவது. அதற்கு மேல் நான்காவது. உங்கள் ரிப்போட்டில் மைக்ரோமோலில் எழுதியிருந்தால் 88.4ஆல் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் கிரியற்றினின் ஏறத் தொடங்கும். அதனால் “போன வருசம் எல்லாம் சரியாத்தானே இருந்தது” என்று யாரையும் நொந்துகொள்வதில் பயனில்லை. இன்னொன்று, கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த மெலிந்த பூனையில் அந்த எண் உண்மை நிலையைவிடக் கொஞ்சம் நல்லதாகவே தெரியும்.

சாப்பாடு பற்றிய பேச்சில் முக்கியமான எண் பொஸ்பரஸ். இரண்டாம் நிலையில் அதை டெசிலீற்றருக்கு 4.6 மில்லிகிராமுக்குள்ளும், மூன்றாம் நிலையில் 5க்குள்ளும், நான்காம் நிலையில் 6க்குள்ளும் வைத்திருப்பதே இலக்கு. சிறுநீரகம் பொஸ்பரஸை வெளியேற்றத் தவறும்போது அது இரத்தத்தில் தேங்கும். அதைச் சமாளிக்க உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கும். அந்த இழுபறியில் மிஞ்சியிருக்கிற சிறுநீரகமும் கெடும். பொஸ்பரஸ் குறைந்த உணவு கொடுத்தால் நோயின் வேகம் குறைவது பூனைகளில் நன்றாக நிறுவப்பட்ட விடயம். இந்த உணவை வழக்கமாக இரண்டாம் நிலையிலிருந்து தொடங்குவார்கள். முதல் நிலையிலோ இரண்டாம் நிலையின் தொடக்கத்திலோ பொஸ்பரஸை அளவுக்கு மீறிக் குறைத்தால் சில பூனைகளுக்கு இரத்தத்தில் கல்சியம் ஏறிவிடும். ஆகவே எப்போது, எவ்வளவு கடுமையாக என்பதை வைத்தியர் முடிவெடுக்கட்டும்.

ஊரில் செய்ய முடியாத சோதனை இருந்தால் வைத்தியர் மாதிரியை வெளியே அனுப்புவார், அல்லது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்குப் போகச் சொல்வார். அவ்வளவு தூரம் கூட்டிப் போவதானால் காலையிலேயே புறப்படுங்கள், வழியில் தண்ணீர் கொடுங்கள். இந்த நோயுள்ள பூனையை இரத்தச் சோதனைக்காகத் தண்ணீரில்லாமல் வைத்திருக்கவே கூடாது. சாப்பாட்டை நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சாப்பிட வைப்பது

வீட்டுக்கு வந்த அன்றே புதுச் சாப்பாட்டை நீட்டாதீர்கள். குமட்டலோடு இருக்கிற பூனைக்கு முன்னால் எதை வைத்தாலும், அந்த வாசனையையும் குமட்டலையும் சேர்த்து மனதில் முடிச்சுப் போட்டுவிடும். பிறகு உடம்பு தேறினாலும் அந்தச் சாப்பாட்டைத் திரும்பிப் பாராது. இந்த நோய்க்கென்று கம்பனிகள் செய்கிற ‘சிறுநீரக உணவை’ விலை கொடுத்து வாங்கியும் அது மூலையில் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இந்த அவசரம்தான்.

குமட்டலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். பசியில்லாத பூனை கோப்பைக்கே வராது. குமட்டுகிற பூனை வரும், குனிந்து மணக்கும், நாக்கால் உதட்டை ஒருதரம் இரண்டுதரம் நக்கும், எச்சிலை விழுங்கும், முகத்தைத் திருப்பும். சில பூனைகள் முன்னங்காலால் கோப்பையைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, எச்சத்தை மூடுவதுபோல் சாப்பாட்டை மூடப் பார்க்கும். இதைக் கண்டால் சாப்பாட்டு வகையை மாற்றி மாற்றி வைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மரோபிட்டன்ட், ஒண்டான்செட்ரோன் போன்ற குமட்டல் மருந்துகளும், பசியைத் தூண்டுகிற மிர்ட்டாசபீனும் பூனைகளுக்குப் பயன்படுகின்றன. அளவு அவர் சொல்ல வேண்டியது. வாய்க்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். கெட்ட பல்லும் ஈறுப்புண்ணும் சாப்பிடாமைக்கு அடிக்கடி காரணமாகின்றன. எல்லாப் பழியையும் சிறுநீரகத்தின்மேல் போட்டுவிட்டு வாயை மறந்துவிடுவோம்.

நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 240 கலோரி வேண்டும். அது எந்தச் சாப்பாட்டிலிருந்து வருகிறது என்பது இந்தக் கட்டத்தில் இரண்டாம் பட்சம். பழைய சாப்பாட்டைத்தான் சாப்பிடும் என்றால் அதையே கொடுங்கள். “பசி வந்தால் தின்னும்” என்று பிடிவாதம் பிடிப்பது நாயிடம் பலிக்கலாம், பூனையிடம் ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரலும் பழுதாகலாம். ஒரு முழு நாள் எதுவும் தொடவில்லை என்றால் வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். இரண்டாம் நாளையும் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

சின்னச் சின்ன உத்திகள் உதவும். பிரிட்ஜில் இருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், கிண்ணத்தோடு சுடுதண்ணீரில் சிறிது நேரம் வைத்து, பூனையின் உடம்புச் சூட்டுக்கு, அதாவது 38 பாகைக்குக் கிட்ட, கொண்டுவாருங்கள். வாசனை எழும்பினால்தான் பூனைக்கு அது சாப்பாடு. ஆழமான கோப்பையைவிடத் தட்டையான பீங்கான் நல்லது, மீசை இடிக்காது. ஒரே தடவையாக வைக்காமல் நாலைந்து தடவையாகப் பிரித்து வையுங்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் ஈரச் சாப்பாடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கெடத் தொடங்கும். எறும்பு அதற்கு முன்னாலேயே வந்துவிடும். பெரிய தட்டில் தண்ணீர் விட்டு அதன் நடுவில் சாப்பாட்டுப் பீங்கானை வைப்பது பழைய வழி, இன்றைக்கும் அதுதான் வேலை செய்கிறது.

சாப்பாட்டை வாய்க்குள் சிறிஞ்சால் பலவந்தமாக அடிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். புரையேறும், உங்களைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளியும் பூனைதான் மிஞ்சும்.

இரண்டாவது: மீன் தலையிலிருந்து விடுபடுவது

பூனை ஓரளவு சாப்பிடத் தொடங்கிவிட்டதா? சரி, இப்போது பொஸ்பரஸுக்கு வருவோம்.

கடலோர ஊர் என்பதால் இங்கே பொஸ்பரஸ் வருகிற வழி பெரும்பாலும் மீன் எலும்பு. தலை, முள், நெத்தலி போல முள்ளோடு முழுசாகத் தின்கிற சின்ன மீன், கருவாடு, ரின்மீன் எல்லாம் ஒரே வகைதான். முள்ளோடு சேர்ந்த ரின்சாளையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 490 மில்லிகிராம் பொஸ்பரஸ் இருக்கிறது. முள்ளெடுத்த மீன் சதையிலும் தோலில்லாத கோழி நெஞ்சு இறைச்சியிலும் அது 200 சொச்சம். கருவாட்டில் தண்ணீர் வற்றிப்போவதால் எல்லாமே செறிந்திருக்கும், உப்பு வேறு. நெத்தலிக் கருவாட்டை இரண்டாய்க் கிள்ளிப் போடுவதை நிறுத்தினாலே பல வீடுகளில் பாதி வேலை முடிந்துவிடும். ஈரலும் அதே பட்டியலில்தான்.

முட்டையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மஞ்சட் கருவில் 100 கிராமுக்கு 390 மில்லிகிராம் வரை பொஸ்பரஸ். வெள்ளைக் கருவில் வெறும் 15. புரதமோ வெள்ளைக் கருவில் நல்ல தரத்தில் இருக்கிறது. அவித்த வெள்ளைக் கருவை நுணுக்கிச் சாப்பாட்டில் கலந்தால் பொஸ்பரஸ் ஏறாமல் புரதம் சேரும். பச்சையாக வேண்டாம்; பச்சை வெள்ளைக் கரு பயோற்றின் என்ற விற்றமினைப் பிடித்து வைத்துவிடும்.

பச்சை மீனும் வேண்டாம். சாளை போன்ற சில மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கிற நொதி இருக்கிறது, அவித்தால் அது செத்துப்போகும். இந்த நோயுள்ள பூனைக்குச் சலத்தோடு பி விற்றமின்கள் ஏற்கெனவே கழுவிக்கொண்டு போகின்றன. மேலும் குறைய விட முடியாது.

மீனே இல்லாமல் எங்கள் ஊர்ப் பூனை வாழுமா என்று கேட்பீர்கள். மீனை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. பாரை, விளைமீன் போன்றதில் முள் நீக்கிய சதையை உப்பில்லாமல் அவித்து, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் வாசனைக்காக மேலே தூவலாம். மொத்தக் கலோரியில் பத்து வீதத்துக்குள் நின்றால் கணக்குக் கெடாது. கிண்ணியாத் தயிர் பூனைகளுக்குப் பிடித்ததுதான், அதிலும் பொஸ்பரஸ் உண்டு. மாத்திரையைப் பொதிந்து கொடுக்க ஒரு விரல் நுனி அளவு எடுங்கள், கிண்ணத்தில் ஊற்றி வைக்காதீர்கள்.

கறிக் குழம்பும் சொதியும் ஒரு துளி கூட வேண்டாம். உப்பைவிட வெங்காயமும் உள்ளியும்தான் இங்கே குற்றவாளி. அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. சிறுநீரக நோயில் ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கும்.

மூன்றாவது: சிறுநீரக உணவுக்கு மாறுவது

ரோயல் கனின், ஹில்ஸ், பியூரினா ஆகிய கம்பனிகள் சிறுநீரகப் பூனைக்கென்று தனி உணவு செய்கின்றன. பொஸ்பரஸ் நன்றாகக் குறைக்கப்பட்டிருக்கும், புரதம் அளவோடு ஆனால் தரமானதாக இருக்கும், பொற்றாசியமும் பி விற்றமின்களும் ஒமேகா-3 கொழுப்பும் கூட்டப்பட்டிருக்கும், இரத்தத்தில் அமிலம் கூடாமலிருக்க அதைத் தணிக்கிற பொருளும் சேர்த்திருப்பார்கள். இத்தனையையும் குசினியில் சேர்த்துச் சமைப்பது லேசில்லை. கிடைக்குமானால், பூனை தின்னுமானால், இதுவே முதல் தெரிவு. “முதிய பூனைக்கு” என்று பைக்கற்றில் போட்டிருப்பது வேறு சாமான். அதில் பொஸ்பரஸ் குறைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சாதாரண டின் உணவின் லேபலைப் பார்த்து ஏமாறாமலிருக்க ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டின்னில் பொஸ்பரஸ் 0.2 வீதம், ஈரப்பதம் 78 வீதம் என்று வைப்போம். தண்ணீரை நீக்கினால் மிஞ்சுவது 22 வீதம். 0.2ஐ 22ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 0.9 வீதம். இன்னொரு காய்ந்த உணவில் பொஸ்பரஸ் 0.8 வீதம், ஈரப்பதம் 10 வீதம். அதே கணக்கில் அதுவும் 0.9 வீதம்தான். லேபலில் நாலு மடங்கு வித்தியாசம், உண்மையில் ஒன்றுமில்லை. சிறுநீரக உணவுகளில் இப்படித் தண்ணீர் நீக்கிய கணக்கில் 0.3 முதல் 0.6 வீதம் வரை இருக்கும். பல லேபல்களில் பொஸ்பரஸே போட்டிருக்காது. அப்போது சேர்மானப் பட்டியலில் சோடியம் பொஸ்பேற், பொஸ்போரிக் அமிலம் போன்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறைச்சியில் இயல்பாக உள்ள பொஸ்பரஸைவிட இப்படிச் சேர்த்த பொஸ்பேற் வேகமாக இரத்தத்துக்குப் போகும், சிறுநீரகத்துக்கு அதிகம் கெடுதல். இருந்தால் அந்த டின்னைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மாற்றும்போது பழைய சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பீங்கானில் புதியதைக் கொஞ்சமாக வையுங்கள். நாலைந்து நாள் வெறுமனே மணக்கட்டும். பிறகு பழையதில் பத்தில் ஒரு பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, தின்று முடித்தால் சில நாளுக்கொரு தடவை கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு மாதம் எடுக்கலாம், இரண்டு மாதமும் எடுக்கலாம். ஒரு கட்டத்தில் நின்றுவிட்டால் ஒரு படி பின்னுக்கு வாருங்கள். ஈர உணவைத் தொடாவிட்டால் காய்ந்ததைப் பாருங்கள், ஒரு கம்பனியை மறுத்தால் இன்னொன்றை. பாதிக்கு மேல் போகவே மாட்டேன் என்று நின்றால் பாதியோடு இருங்கள். அந்தப் பாதிக்குரிய பொஸ்பரஸாவது குறைந்ததுதானே. மருந்தை மட்டும் இந்த உணவில் கலக்காதீர்கள். கசப்பு ஒருதரம் தட்டுப்பட்டால் ஒரு மாதப் பாடு வீண்.

இந்த உணவு கொழும்பிலிருந்து வர வேண்டியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து வீதியில் வெள்ளம் ஏறினால் பார்சல் நிற்கும். எப்போதும் இரண்டு கிழமைக்குரியது கையிருப்பில் இருக்கட்டும். திறந்த காய்ந்த உணவுப் பையை வாய் இறுக்கிக் கட்டி, காற்றுப் புகாத வாளியில் வையுங்கள். உப்புக் காற்றில் அது ஊறிப்போய்ச் சிக்கு நாற்றம் அடித்தால் பூனை கிட்டவும் வராது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் வேளைக்குத் தனித்தனி அறையில் வைத்து, முடிந்ததும் பீங்கானை எடுத்துவிடுங்கள். வளர்ந்த, சுகமான பூனை இந்த உணவில் இரண்டு வாய் தின்றால் ஒன்றும் ஆகாது. குட்டிகளுக்கு இது போதாது. நோயாளி அடுத்த பூனையின் மீன் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் உண்மையான தலையிடி. தெருப் பூனைகளுக்கு வாசலில் சாப்பாடு வைக்கிறவர்கள் அந்த நேரம் கதவைச் சாத்துங்கள்.

கிடைக்காத நாட்களுக்கு

சிறுநீரக உணவு முடிந்துபோய், அடுத்தது வரும்வரை வீட்டில்தான் சமைக்க வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம். கோழி இறைச்சியை எலும்பு நீக்கிச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பொஸ்பரஸில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். வாசனைக்கு அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி மட்டும் எடுத்து வைத்தால் போதும். “சூப் நல்லது” என்று முழுவதையும் குடிக்கக் கொடுத்தால் செய்த வேலையே அர்த்தமற்றுப்போகும். அவித்த இறைச்சியோடு குழைய அவித்த வெள்ளைச் சோறு, வெள்ளைக் கரு, கொஞ்சம் கோழித் தோலின் கொழுப்பு. கொழுப்பில் கலோரி அதிகம், பொஸ்பரஸ் அற்பம். மெலிந்த பூனைக்கு அது நல்ல பேரம். குடல் ஏற்குமா என்று பார்த்துப் பார்த்துச் சேருங்கள்.

இதை மாதக் கணக்கில் கொடுக்கக் கூடாது. அவித்து ஊற்றிய தண்ணீரில் தோரின் என்ற அமினோ அமிலமும் பொற்றாசியமும் பி விற்றமின்களும் கூடவே போய்விடுகின்றன. பூனையால் தோரினைப் போதியளவு தானே உண்டாக்க முடியாது, குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். எலும்பில்லாத இறைச்சியில் கல்சியமும் இல்லை. நிரந்தரமாக வீட்டுச் சமையல்தான் என்றால், உங்கள் பூனையின் எடைக்கும் ரிப்போட்டுக்கும் ஏற்ப மிருக வைத்தியர் எழுதிக்கொடுத்த அளவும் சேர்மானமும் வேண்டும். அதனால்தான் இங்கே கிராம் கணக்கில் ஒரு செய்முறை எழுதவில்லை. எல்லாப் பூனைக்கும் ஒரே அளவு என்று வருகிறதை நம்பவும் வேண்டாம்.

ஒமேகா-3 நல்லது என்றதும் பாமசியில் மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையை வாங்காதீர்கள். அதில் விற்றமின் ஏயும் டியும் செறிந்திருக்கும். டி கூடினால் கல்சியம் ஏறும். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு.

தண்ணீர்

ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும்போது வீட்டில் துவைத்துப் போட்ட துணி எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று தெரியும். அந்த நாட்களில் இந்தப் பூனைக்குத் தண்ணீர் மருந்துக்குச் சமம். வீட்டில் மூன்று நாலு இடங்களில் வையுங்கள், சாப்பாட்டுப் பீங்கானுக்கும் மணல் பெட்டிக்கும் தள்ளி. அகன்ற வாய், விளிம்பு வரை தண்ணீர், நாளுக்கு இரண்டு தடவை மாற்றுவது. கடற்கரையோரம் சில வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் உவர். பூனைக்கு அது பிடிக்காது, உப்பும் தேவையில்லை. நீங்கள் குடிக்கிற தண்ணீரையே அதற்கும் கொடுங்கள்.

குடிக்க வைப்பதைவிடச் சாப்பாட்டில் ஊற்றுவது சுலபம். ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்; காய்ந்ததில் பத்து வீதம் அளவில்தான். ஈர உணவு தின்கிற பூனைக்கு அதிலேயே இன்னும் ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணீர் கலந்து குழையுங்கள். மலம் கொட்டை கொட்டையாக இறுகிப் போனால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தோலைக் கிள்ளிப் பார்க்கிற சோதனை கிழட்டுப் பூனையில் ஏமாற்றும், தோலே தளர்ந்திருக்கும். ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் காய்ந்திருக்கிறது.

இவ்வளவும் போதாதபோது தோலுக்கடியில் சேலைன் ஏற்ற வைத்தியர் சொல்லிக்கொடுப்பார். வீட்டிலேயே செய்யப் பழகலாம், பார்க்கிறபோது வருகிற பயம் செய்கிறபோது இருக்காது. எவ்வளவு, எத்தனை நாளுக்கொருதரம் என்பதை அவர் சொன்னபடியே செய்யுங்கள். இதயக் கோளாறும் உள்ள பூனைக்கு அளவுக்கு மீறி ஏற்றினால் நெஞ்சில் நீர் கட்டிவிடும்.

சாப்பாட்டோடு போகிற மருந்துகள்

உணவை மாற்றியும் பொஸ்பரஸ் இறங்காவிட்டால் பொஸ்பரஸைப் பிடிக்கிற மருந்து தருவார்கள். பழைய, மலிவான வகை அலுமினியம் ஹைட்ரொக்சைட். அது வயிற்றில் சாப்பாட்டோடு கலந்திருந்தால்தான் வேலை செய்யும். காலையில் மருந்து, மத்தியானம் சாப்பாடு என்றால் கொடுத்தும் கொடுக்காததுதான். சாப்பிடாத வேளைக்கு மருந்தும் தேவையில்லை. வீட்டில் இருக்கிற வயிற்றெரிவுப் பாணியை அதற்குப் பதிலாகக் கொடுக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். அவற்றில் மக்னீசியமும் சுவையூட்டிகளும் கலந்திருக்கும், கூடாது. முட்டைக்கோது இடித்துப் போடுவதும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கல்சியம், ரிப்போட்டில் கல்சியத்தைப் பார்க்காமல் தொடக் கூடாது.

பொற்றாசியம் மிகவும் இறங்கினால் கழுத்து தலையைத் தாங்காது. நடக்கும்போது நாடி நெஞ்சோடு ஒட்டியபடி, கண்ணை மட்டும் மேலே உயர்த்திப் பார்க்கும். இதைக் கண்டால் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பனடோல் பூனைக்கு எந்த அளவிலும் நஞ்சு. காய்ச்சல், நோவு என்று பாதி மாத்திரை கொடுக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன். பூச்சாடியில் லில்லி வைக்கிற வீடு என்றால் அதையும் வெளியே போடுங்கள். இலையையோ மகரந்தத்தையோ கொஞ்சம் நக்கினாலும் நல்ல சிறுநீரகமே நின்றுபோகும்.

எடையும் கொப்பியும்

கிழமைக்கு ஒருதரம், ஒரே நாளில், சாப்பாட்டுக்கு முன் எடை பாருங்கள். குழந்தை நிறுக்கிற தராசு இரவல் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழியுங்கள்; வீட்டுத் தராசு நூறு கிராமில் பிசகும், ஆனாலும் மாதக் கணக்கில் போக்குத் தெரியும். இந்த நோயில் எடை குறைவது நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஓரிரு ஆண்டு முன்பே தொடங்கியிருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். நாலு கிலோப் பூனையில் 200 கிராம் போனால் அது ஐந்து வீதம், அறுபது கிலோ ஆளுக்கு மூன்று கிலோ.

ஒரு பழைய கொப்பியில் எடை, எவ்வளவு தின்றது, சத்தி எடுத்ததா, மணல் பெட்டியில் சலக் கட்டி பெருத்ததா சிறுத்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். எடை நிற்கிறது, ஆனால் முதுகும் தொடையும் ஒட்டுகிறது என்றால் தசை போகிறது; புரதம் போதுமா என்று அப்போது கேளுங்கள். கடைசிக்கு வைத்த புரதக் கணக்கு இதுதான். சலத்தில் புரதம் போகிறதா, இரத்தத்தில் யூரியா என்ற புரதக் கழிவு எவ்வளவு, தசை எப்படி என்று மூன்றையும் வைத்து வைத்தியர் கூட்டுவார் அல்லது குறைப்பார். நாமாகக் குறைக்க அதில் ஒன்றுமில்லை.

உணவை மாற்றி நாலு முதல் ஆறு கிழமைக்குள் இரத்தத்தை மறுபடி பாருங்கள். பொஸ்பரஸ் இலக்குக்குள் வந்து, எடையும் நின்றால் பிறகு மூன்று நாலு மாதத்துக்கொருதரம் போதும். அந்த ரிப்போட்டுக்குப் போகும்போது கொப்பியையும், தின்கிற உணவுப் பைக்கற்றின் லேபலைப் படம் எடுத்தும் கொண்டுபோங்கள். “எல்லாம் வழமைபோலத்தான் தின்னுது” என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் மருந்தளவு எழுத முடியாது.